எதிர்பாராச் செலவு

ஹின்டர்மோஸ் ஊருக்கு மேலே
ஊசியிலைக் காட்டின் விளிம்பில் புல் மூடிய ஒரு மேடு.
மேலே பசு மேயும். கீழே
அறுநூறு கன மீட்டர் இருட்டு.
ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்றில் கட்டியது.
இப்போது அதற்கு நான் பொறுப்பு.
என் பதவியைத் தமிழில் பெயர்த்தால் 'ஊற்று மேஸ்திரி'.
கலியாண வீடுகளில் கேட்டால்
'நகரசபையில் வேலை' என்று முடித்துக்கொள்வேன்.

நவம்பர்க் கூட்டத்தில் பணம் கேட்டோம்:
முப்பத்துநாலு லட்சம் பிராங்.
சுவருக்குப் புதுப் பூச்சு, புது வால்வுகள்,
அஸ்பெஸ்டஸ் குழாய்களுக்கு ஓய்வு,
இரவில் மண்ணுக்குள் ஒழுகிப்போகும்
ஐந்தில் ஒரு பங்குக்கு ஒரு முடிவு.
"இன்னும் பத்து வருஷம் தாங்காதா?"
எழுந்து கேட்டார் பால்பண்ணை ஏஷ்லிமன்.
தண்ணீர்த் தாங்கி என்றால் தாங்கத்தானே வேண்டும் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
ஜெர்மனில் அந்தச் சிலேடை செத்துவிடும்.
வாக்கில்லாதவர்களுக்கான ஓர வரிசையில் இருந்தபடி
அடுத்த படத்தைத் திரைக்குத் தள்ளினேன்.
கைகள் எழுந்தன. எண்ணினார்கள்.
எண்பத்தொன்றுக்கு ஐம்பத்தேழு.

மார்ச்சில் இடது அறையை வடித்தோம்.
வலது அறை தனியே ஊரைச் சுமந்தது,
ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு மாதிரி.
பூட்ஸைக் குளோரினில் கழுவி ஏணியில் இறங்கினேன்.
விரலால் அழுத்தினால் பூச்சு
புட்டு மாதிரி உதிர்ந்தது.
இருமினேன்.
அது நாலு மூலைக்கும் போய் நலம் விசாரித்துவிட்டுத்
திரும்பி வந்தது.

வடக்குச் சுவரில், நீர்மட்டத்துக்கு நாலடி கீழே,
ஈரம் காயுமுன் ஆணியால் கீறிய கணக்கு:
26 × 4.20
அடியில் ஒரு கோடு.
அதன் கீழ் 107.
பெயரில்லை. ஏழின் இடுப்பில் மட்டும் ஒரு குறுக்குக்கோடு.

நிலைக்காததை நீர்மேல் எழுத்து என்பார்கள்.
இது நீருக்கடியில் எழுத்து.
நூற்றுப்பன்னிரண்டு வருஷம்
ஒரு மீன்கூடப் படிக்காதது.

தலைக்கவச விளக்கில் நின்று பெருக்கிப் பார்த்தேன்.
மறுபடியும்.
நூற்றொன்பது பிராங் இருபது.
இரண்டு இருபது குறைகிறது.
தானே பிழையாகப் பெருக்கினானா,
கைக்கு வந்ததை அப்படியே எழுதிவைத்தானா?
பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
பொறியியலாளரின் பெயர் உண்டு.
திறப்பு விழாவில் வெட்டிய கன்றின் விலை உண்டு.
கட்டியவர்கள்: 'இத்தாலியர், பதினான்கு.'

மூன்றாம் நாள் உயரழுத்த நீர்ப்பீச்சி வந்தது.
மூன்று சென்டிமீட்டர் சுவரைத் தின்னவேண்டும், அது விதி.
அத்தனை காலம் காத்த தண்ணீரே அழித்தது.
நாலு விநாடிகூட ஆகவில்லை.
படம் எடுத்தாயா என்று கேட்காதீர்கள்.
உள்ளே கைபேசி கொண்டுபோகக் கூடாது.
அந்த விதியை எழுதியவளே நான்தான்.

இறுதிக் கணக்கறிக்கையில்
'எதிர்பாராச் செலவு' என்றொரு கட்டம்.
தரையடியில் பாறை: 41,300.
பனியில் நின்றுபோன வேலைநாட்கள்: 9,850.
அதன் கீழே எழுதினேன்: 2.20.

பொருளாளர் ட்சுர்பூகன் அம்மா தொலைபேசினார்.
"இது என்ன?"
கூலி பாக்கி.
"யாருக்கு?"
தெரியாது.
"ரசீது?"
பீச்சியடித்துக் கழுவிவிட்டோம்.
நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு விசைப்பலகைச் சத்தம்.
"வட்டி போடவில்லையே," என்றார்.

நேற்றிரவு மூன்று மணிக்கு
ஓட்டம் பார்க்க மேட்டுக்குப் போனேன்.
வால்வுகளில் இன்னும் எண்ணெய் வாசம்.
கீழே ஊர் முழுக்க விளக்கணைத்த ஜன்னல்கள்.
திரையில் நிமிடத்துக்கு இருபது லிட்டர்.
போன வருஷம் இதே நேரம் தொண்ணூறு.
கையுறையைக் கழற்றி, தேநீர்க் குடுவையைத் திறக்கும்போது
எண் கொஞ்சம் துள்ளியது,
பால்பண்ணைப் பக்கக் கிளைக்குழாயில்.
ஏஷ்லிமனின் மாடொன்று
தாகத்தில் எழும்பியிருக்கும்.